ஒருமுறை எழுதி எல்லா அலமாரியிலும் வைப்பது

(முகையூரில் இளைஞர்கள் நடத்திய வாசிப்புக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். நேரமில்லாமல் விட்டுப்போன சில விவரங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)



போன கூட்டம் முடிந்து விழுப்புரம் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது தங்கை ஒருவர் வந்து கேட்டார். “அண்ணா, நீங்க நூறு வருசத்துக்கு முந்தின பத்திரிகையெல்லாம் தேடித்தேடிப் படிக்கிறீங்க. நாங்க இப்ப எழுதுறத பத்து வருசம் கழிச்சு ஒருத்தர் தேடினா கிடைக்குமா?” அதற்குள் பஸ் வந்துவிட்டது. பதில் சொல்லாமலே ஏறிவிட்டேன். அன்றைக்குச் சொல்லியிருந்தால் “கிடைக்காது” என்றுதான் சொல்லியிருப்பேன். கிடைக்க வைக்க என்ன செய்யலாம் என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். நடுவில் கொஞ்சம் கம்ப்யூட்டர் சமாச்சாரம் வரும். ஏபிஐ என்று ஒரு சொல் வரும். அதற்குப் பயந்து யாரும் டீ குடிக்கப் போய்விட வேண்டாம்.

முதலில் பழைய கதை. அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். இதழ் வரப்போகிறது என்று திலகரின் ‘கேசரி’க்கு ஒரு விளம்பரம் அனுப்பினார்கள். இலவசமாகக் கேட்கவில்லை, பணம் தருவதாகச் சொன்னார்கள். கேசரி போட மறுத்துவிட்டது. பணம் கொடுத்தாலும் நம் செய்தி உள்ளே போகாத ஏற்பாடு ஒன்று இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை. 1936இல் லாகூரில் சாதி ஒழிப்புச் சங்கமே அவரைப் பேச அழைத்தது. பேச்சின் பிரதியைப் படித்துவிட்டு மாநாட்டையே ரத்து செய்தது. பேசாத அந்தப் பேச்சை அவர் தன் சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். இரண்டே மாதத்தில் தீர்ந்துபோனது. தமிழில் அதைக் கொண்டுவந்தது பெரியாரின் ‘குடி அரசு’. இருந்த பத்திரிகைகளும் மாநாடுகளும் கதவைச் சாத்தியபோது, தனியாக அச்சிட்டுத் தனியாக விநியோகம் செய்தார்கள். நம் இதழியல் மரபு அங்கிருந்துதான் வருகிறது.

அச்சிட்டார்கள், விற்றார்கள், சரி. பாதுகாத்தது யார்?

ரெட்டமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்ற பெயரிலேயே ஒரு இதழைத் தொடங்கினார். எந்தச் சொல்லை வசையாக வீசினார்களோ அதையே தலைப்பாக வைத்தார். 1900 வரை நடத்தினார். அந்த இதழ்களை வரிசையாக எடுத்து வைத்துப் படிக்க இன்று வழியில்லை. பேராசிரியர் ஜெ. பாலசுப்பிரமணியம் ‘சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை’ என்ற நூலில் 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைத் தேடித் தொகுத்திருக்கிறார். இங்கிருக்கிற எல்லோரும் படிக்க வேண்டிய நூல். அதைப் படிக்கும்போது எனக்கு உறைத்த விஷயம் ஒன்று உண்டு. இந்த இதழ்கள் பலவற்றில் என்ன எழுதியிருந்தது என்று நமக்குத் தெரிவதே, ஆங்கில அரசு தன் கண்காணிப்புக்காகத் தயாரித்த சுதேசப் பத்திரிகை அறிக்கைகளின் வழியாகத்தான். எந்தப் பத்திரிகை நம்மைத் திட்டுகிறது என்று பார்க்க அரசாங்கம் ஆள் வைத்து ஆங்கிலத்தில் சுருக்கி எழுதி வைத்தது. அந்தச் சுருக்கம் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. மூலம் இல்லை. நம் பாட்டன் பேசியதை அவர் வாய்மொழியாகக் கேட்க முடியாமல், போலீஸ்காரரின் குறிப்பேட்டிலிருந்து படிக்கிறோம்.

அயோத்திதாசர் கதை கொஞ்சம் தேவலை. 1907 ஜூன் 19இல் சென்னை ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து ‘தமிழன்’. 1914இல் அவர் இறந்தார். அந்த இதழ்கள் பிழைத்ததற்கு அரசும் பல்கலைக்கழகமும் காரணமில்லை. கோலார் தங்கவயலின் தமிழ்ப் பௌத்தர்களும், அன்பு பொன்னோவியம் போன்ற தனிமனிதர்களும் கட்டிக் காத்தார்கள். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என்று வெளியிட்டது. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டின் அறிவுலகத்தில் அவரைப் பற்றிப் பரவலாகப் பேச ஆரம்பித்தார்கள். 85 வருடம் ஒரு சிந்தனையாளர் சிலருடைய வீட்டு அலமாரியில் இருந்திருக்கிறார். அந்த வீடுகளில் ஒன்றில் கரையான் புகுந்திருந்தால்?

கரையான் என்றதும் என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டு. அந்த ஒன்றிரண்டு வருடங்களில் தமிழ்நாடெங்கும் சிற்றிதழ்களும் துண்டறிக்கைகளும் நிறைய வந்தன. என் பெரியப்பாவும் நண்பர்களும் ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் செய்து ஒரு இதழ் நடத்தினார்கள். பெயர் சொன்னால் அவர் கூச்சப்படுவார், பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இருபது இதழ்கள் வந்ததாகச் சொல்கிறார். டிரங்குப் பெட்டியில் நான் பார்த்தது பதினொன்று. மீதி கரையானுக்குப் போனது. எங்கள் பக்கத்து ஊர்களில் கூலி எவ்வளவு, எந்தக் கடையில் தனி டம்ளர், எந்தக் குளத்தில் இறங்க விடவில்லை, எல்லாம் ஊர்ப் பெயரோடு அதில் இருக்கிறது. 1992இல் இந்த வட்டாரத்தில் நாற்று நட்ட பெண்ணுக்கு என்ன கூலி என்று நான் வேறெங்கே போய்ப் பார்ப்பேன்?

அந்தப் பதினொன்றில் ஐந்தை ஒரு நூலகத்துக்குக் கொடுத்தேன். பெயர் வேண்டாம், அங்கிருந்தவர்கள் நல்லவர்கள்தான். ஸ்கேன் செய்து தங்கள் தளத்தில் ஏற்றினார்கள். பக்கத்தைப் படமாகப் பார்க்கலாம், அதுவும் ஒவ்வொரு பக்கமாக. எழுத்தாகத் தேட முடியாது. இறக்க முடியாது. 1992 என்பதை 1929 என்று பதிந்திருந்தார்கள். மூன்று முறை கடிதம் எழுதினேன். நான்காவது எழுதலாம் என்று இருந்தபோது தளத்தைப் புதுப்பித்தார்கள். பழைய இணைப்பு எதுவும் திறக்கவில்லை. டிரங்குப் பெட்டியில் கரையான் அரித்தது. அங்கே தளப் புதுப்பிப்பு அரித்தது.

உங்களுக்கும் இது நடந்திருக்கிறது. ஆறு வருடமாக நீங்கள் எழுதிவந்த சமூக ஊடகப் பக்கத்தைப் போன வருடம் அந்த நிறுவனம் முடக்கியது. யாரோ கூட்டமாகச் சேர்ந்து புகார் கொடுத்ததாகச் சந்தேகம். காரணம் கேட்டால் இயந்திரம் அனுப்பிய பதில். மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில் 2023 ஜூனில் பூட்டி சீல் வைக்கப்பட்ட நாட்களில் நான் சேமித்து வைத்த இணைப்புகளில் பாதிக்கு மேல் இன்று திறப்பதில்லை. நம் மாவட்டத்தில், நம் கண்முன்னே நடந்தது. இரண்டு மூன்று வருடங்களுக்குள் இந்த நிலை என்றால், 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டதைப் பற்றி அன்று வந்த துண்டறிக்கைகளும், 2008 மார்ச்சில் எறையூரில் தனிப் பங்கு கேட்டு நடந்த போராட்டத்தின் அறிக்கைகளும் யார் வீட்டில் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, ஏபிஐக்கு வருவோம்.

பால் சொசைட்டி எல்லோருக்கும் தெரியும். காலையில் கேனை எடுத்துக்கொண்டு போகிறோம். அங்கே ஒரு முறை இருக்கிறது. இந்த நேரத்துக்குள் வர வேண்டும், இந்த அளவையில் ஊற்ற வேண்டும், டிகிரி பார்ப்பார்கள், அட்டையில் எழுதித் தருவார்கள். வீட்டில் எப்படிக் கறந்தாய், எந்தப் புல் போட்டாய் என்று கேட்பதில்லை. யார் வீட்டுப் பால் என்றும் கேட்கக் கூடாது. கேட்ட ஊர்களும் உண்டு, அது வேறு பேச்சு. முறைப்படி ஊற்றினால் உங்கள் பால் குளிரூட்டும் நிலையத்துக்குப் போய், டவுனில் பாக்கெட்டாக வருகிறது. ஏபிஐ என்பது இந்த ஊற்றும் மேடை மாதிரி. ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளிடம் எதைக் கேட்கலாம், எதைக் கொடுக்கலாம், எந்த வடிவத்தில் என்று எழுதி வைத்த முறை. திறந்த ஏபிஐ என்றால் அந்த முறையை எல்லோரும் படிக்கும்படி வெளியில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்; படித்துப் பின்பற்றுகிற யாரும் உள்ளே வரலாம். செயலாளரைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் இதழின் தளம் வேர்ட்பிரஸ்ஸில் இருக்கிறது. 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ்ஸுக்குள்ளேயே இப்படி ஒரு மேடை இருக்கிறது. உங்களுக்கே தெரியாமல் உங்கள் தளத்திலும் இருக்கிறது. முகவரிக்குப் பின்னால் ஒரு சின்ன வால் சேர்த்தால், கட்டுரைகள் எல்லாம் தலைப்பு, தேதி, எழுதியவர், உள்ளடக்கம் என்று பிரித்துவைத்த வடிவத்தில் கொட்டும். மனிதர் படிக்க அழகாக இருக்காது. இன்னொரு மென்பொருள் படிக்க அதுதான் வசதி. பேச்சு முடிந்ததும் மடிக்கணினியில் காட்டுகிறேன்.

இதனால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களில் தமிழ் இணையக் கல்விக்கழகம் ஸ்கேன் செய்து வைத்திருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை விக்கிமூலத்துக்கு வந்தன. எல்லாம் படங்கள். லட்சக்கணக்கான பக்கங்கள். தட்டச்சு செய்ய உட்கார்ந்தால் நம் பேரப்பிள்ளைகள் காலத்தில் முடியும். கணியம், ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் ஆகியவற்றை நடத்திவரும் குழுவைச் சேர்ந்த த. சீனிவாசன் ஓசிஆர் ஃபார் விக்கிசோர்ஸ் என்று ஒரு பைத்தான் நிரல் எழுதினார். அது என்ன செய்கிறது என்றால், விக்கிமீடியாவிலிருந்து நூலை எடுக்கிறது. பக்கம் பக்கமாகப் பிரிக்கிறது. கூகுள் டிரைவின் ஏபிஐ வழியாக மேலே ஏற்றிப் படத்தை எழுத்தாக மாற்றி வாங்குகிறது. அந்த எழுத்தை மீடியாவிக்கியின் ஏபிஐ வழியாக விக்கிமூலத்தின் சரியான பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறது. யாரும் யாரிடமும் புதிதாக ஒப்பந்தம் போடவில்லை. கூகுள் ஒருபக்கம், விக்கி ஒருபக்கம், நடுவில் ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் எழுதிய நிரல். இரண்டு மேடைகளும் திறந்திருந்ததால் இது நடந்தது. அதற்குப் பிறகு பிழை திருத்துவது மனித வேலை. அது இன்னும் நடக்கிறது, ஆள் போதவில்லை. நீங்கள் சேரலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. அதற்கு முந்தைய அச்சில் ‘லை’, ‘ணை’, ‘றா’ எல்லாம் வேறு வடிவத்தில் இருக்கும். தும்பிக்கை போட்ட ‘லை’யைக் கண்டால் இன்றைய மென்பொருள்கள் பல நேரம் குழம்பும். பெரியப்பாவின் சைக்ளோஸ்டைல் கையெழுத்தைக் கண்டால் கையெடுத்துக் கும்பிட்டுவிடும். தொண்ணூறுகளுக்குப் பிந்தைய இதழ்களில் வேறு சிக்கல். கம்ப்யூட்டரில்தான் அடித்திருப்பார்கள், கோப்பும் இருக்கும், ஆனால் யூனிகோடில் இருக்காது. அந்தந்த அச்சகம் வைத்திருந்த எழுத்துருவின் முறையில் இருக்கும். திறந்தால் ஏதோ ரோமன் எழுத்துக் குப்பை மாதிரி தெரியும். குப்பை என்று நினைத்து யாரும் அழித்துவிடாதீர்கள்! அதை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. ஒரு எழுத்துருவுக்கு ஒருமுறை வழி கண்டுபிடித்தால், அந்த அச்சகத்தில் வந்த அத்தனை இதழும் மீளும்.

இப்போது உங்கள் இதழுக்கு நான் என்ன யோசனை சொல்கிறேன்? நீங்கள் ஒருமுறைதான் எழுத வேண்டும், உங்கள் சொந்தத் தளத்தில். பதிப்பித்த பொத்தானை அழுத்தியதும் மீதியைச் சின்ன நிரல் செய்யட்டும். முதல் வேலை, இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினுக்கு “இந்தப் பக்கத்தைப் படம்பிடித்து வை” என்று சொல்வது. அதற்கு ஏபிஐ இருக்கிறது, காசு கிடையாது. உங்கள் தளத்துக்கு வருடச் சந்தா கட்ட மறந்துபோனாலும் அங்கே பிரதி இருக்கும். அடுத்து, மாத இதழை பிடிஎஃப் ஆக்கி அதே ஆர்க்கைவில் ஏற்றுவது. அதற்கும் நிரல்வழி இருக்கிறது. டெலிகிராமில் போட பாட் ஏபிஐ இருக்கிறது, அது பெரிய விஷயமில்லை, அரை மணி நேர வேலை. ஆர்க்கைவ் மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். 2024 அக்டோபரில் அதன்மீதே இணையத் தாக்குதல் நடந்து பல நாட்கள் முடங்கிக் கிடந்தது. ஒரே வீட்டில் எல்லாவற்றையும் வைத்த கதைதான் நமக்குத் தெரியுமே.

அதனால் ஜெனோடோ. இது ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் நடத்தும் களஞ்சியம், 2013இல் வந்தது. துகள் ஆராய்ச்சி செய்கிற இடம் முகையூர் இதழை ஏன் வாங்க வேண்டும்? வாங்குகிறது, அதுதான் அதன் விதி. உலகின் எந்த மூலையிலிருந்தும் யார் வேண்டுமானாலும் தங்கள் ஆய்வையும் ஆவணத்தையும் வைக்கலாம். வைத்தவுடன் ஒவ்வொன்றுக்கும் டிஓஐ என்று ஒரு நிரந்தர எண் தரும். இது என் பிழைப்பு சம்பந்தப்பட்டது, கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். நான் ஆய்வேட்டில் உங்கள் கட்டுரையை மேற்கோள் காட்டினால் நெறியாளர் கேட்கும் முதல் கேள்வி, “இது நிலையான சான்றா?” சாதாரண இணைய முகவரி என்றால் முகம் சுளிப்பார்கள். ஆங்கில ஆய்விதழில் வந்தது என்றால் பேச்சே இல்லை. கூலி உயர்வுக்குப் போராடியவர் எழுதிய கட்டுரை ‘சான்று’ ஆகாது, அதைப் பற்றி டெல்லியிலிருந்து வந்தவர் எழுதியது சான்று ஆகிவிடும். இந்த அநியாயத்தை ஒரு எண் ஒழித்துவிடாது. ஆனால், எண் இல்லை என்ற சாக்கைப் பிடுங்கிவிடும். இதழுக்கு ஐஎஸ்எஸ்என் எண்ணும் வாங்குங்கள். டெல்லியில் உள்ள தேசிய மையம் கட்டணமில்லாமல் தருகிறது.

அதோடு ஜெனோடோ போன்ற களஞ்சியங்கள் ஓஏஐ-பிஎம்ஹெச் என்ற முறையைப் பேசுகின்றன. 2001இல் வந்த, நூலகங்களுக்கான பொதுமொழி. ஒரு களஞ்சியத்தில் உள்ள நூல்களின் விவரங்களை இன்னொரு களஞ்சியம் தானாக வந்து அள்ளிக்கொண்டு போகும். நாம் ஒரு இடத்தில் சரியாக வைத்தால், நமக்குத் தெரியாத பத்து நூலகங்களின் தேடலில் நம் இதழின் பெயர் வரும். கரக்பூர் ஐஐடி நடத்தும் தேசிய மின்னூலகமும் பல களஞ்சியங்களின் விவரங்களைத் திரட்டித்தான் ஓடுகிறது. அதை நாட்டுக்கு அர்ப்பணித்தது 2018 ஜூன் 19. ‘ஒரு பைசாத் தமிழன்’ வந்த அதே தேதி. யாரும் நினைத்துச் செய்திருக்க மாட்டார்கள், எனக்குத்தான் இப்படிப்பட்டதெல்லாம் கண்ணில் படும்.

ஈழத்தைப் பாருங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள். அந்தக் காயத்தோடு வந்தவர்கள் 2005இல் நூலகம் திட்டத்தைத் தொடங்கினார்கள். மீடியாவிக்கியில் ஓடுகிறது, அதனால் அதன் பட்டியலை மென்பொருளும் படிக்க முடியும். சாதிக்கு எதிராக எழுதிய டொமினிக் ஜீவா 1966இலிருந்து நடத்திய ‘மல்லிகை’ இதழ்களை நான் முகையூரில் உட்கார்ந்து படித்தது அதில்தான். இங்கே கீற்று தளம் ‘தலித் முரசு’ இதழ்களின் கட்டுரைகளை வைத்திருப்பதும் பெரிய காரியம். யாரோ ஒருவர் அலுக்காமல் செய்த வேலை.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. ‘திறந்த’ என்று போர்டு மாட்டியதெல்லாம் திறந்ததில்லை. ட்விட்டர் பல வருடம் இலவசமாக ஏபிஐ கொடுத்தது. ஆய்வாளர்கள் அதை நம்பி வெறுப்புப் பேச்சைக் கணக்கெடுத்தார்கள். 2023 பிப்ரவரியில் இலவசம் முடிந்தது என்று அறிவித்தார்கள். ஃபேஸ்புக் பதிவுகளை ஆராய உதவிய கிரவுட்டேங்கிளை 2024 ஆகஸ்டில் மூடினார்கள். யாஹூ குழுமங்களில் பல வருடமாக நடந்த விவாதங்களை 2019இல் மொத்தமாக அழித்தார்கள். நிறுவனம் கொடுக்கிற ஏபிஐ, பண்ணையார் தோட்டத்துக் கிணறு மாதிரி. இறைத்துக்கொள்ளலாம், அவருக்கு மனமிருக்கிற வரை. அதனால்தான் உங்கள் சொந்தத் தளம் முதல், மற்ற எல்லாம் அதன் நகல் என்கிறேன். தலைகீழாகச் செய்தால் போன வருடம் நடந்ததுதான் மறுபடி நடக்கும்.

அரசும் சளைத்ததில்லை. திறந்த ஏபிஐக்கான கொள்கையை இந்திய அரசு 2015இலேயே வெளியிட்டது. நீதிமன்றங்களின் இகோர்ட்ஸ் அமைப்பிலும் ‘திறந்த ஏபிஐ’ என்ற பெயரில் ஒன்று உண்டு. யாருக்கு? அரசுத் துறைகளுக்கும், ஏராளமான வழக்குகள் வைத்திருக்கிற நிறுவனங்களுக்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தொடர்ந்த வழக்கு என்ன ஆனது என்று பார்க்க விரும்பும் குடும்பம், ஒவ்வொரு முறையும் கோணல்மாணலான எழுத்தைப் படித்து நிரப்பிவிட்டு ஒவ்வொரு வழக்காகத் தேட வேண்டும். அந்தச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகள்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். கூடியதா, எத்தனை வழக்கு நிலுவை, நிவாரணம் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை மென்பொருள் படிக்கும் வடிவில் அரசே வெளியிட்டால், உங்களைப் போன்ற ஒரு சின்னத் தளம் ஒவ்வொரு காலாண்டிலும் விழுப்புரம் மாவட்டக் கணக்கைத் தானாகப் போட்டுவிட முடியும். இதைக் கேட்டுப் போராட வேண்டும். வங்கிக்குத் திறக்கிற கதவைப் பாதிக்கப்பட்டவருக்கும் திற என்று.

எல்லாவற்றையும் திறந்துவிடலாமா என்றால், அதுவும் கூடாது. இதில் உங்களோடு எனக்குச் சண்டை உண்டு. போன வருடம் நீங்கள் வெளியிட்ட ஒரு கள ஆய்வில் தாக்கப்பட்ட குடும்பத்தின் பெயர், தெரு, பிள்ளைகள் படிக்கும் பள்ளி எல்லாம் இருந்தது. உங்கள் நோக்கம் நல்லதுதான். ஆனால் நான் சொன்ன இந்த ஏற்பாட்டில் ஒருமுறை வெளியே போனது பத்து அலமாரிக்குப் போய்விடும். பிறகு அந்தப் பெண் வளர்ந்து வேலைக்குப் போய், வேறு ஊரில் வாடகை வீடு தேடும்போது, வீட்டுக்காரர் பெயரைத் தட்டினால் முதலில் வருவது அதுவாக இருக்கும். நகல் எடுக்கிற நிரலுக்கு வெட்கம், பயம், இரக்கம் ஒன்றும் தெரியாது. எனவே, பதிப்பிக்கும் முன்பே இரண்டு பிரதி வையுங்கள். முழுப் பெயரோடு ஒன்று உங்கள் பெட்டியில், வழக்கறிஞருக்காக. பெயர் மாற்றிய மற்றொன்று தளத்தில். அந்தக் குடும்பத்திடம் கேளுங்கள். இன்றைக்குச் சரி என்றவர்கள் நாளை வேண்டாம் என்றால் எடுக்கவும் தயாராக இருங்கள். ஜெனோடோவில் வைத்ததை அப்படிச் சுலபமாக எடுக்க முடியாது, அதனால் அங்கே போகிற கட்டுரைகளை ஒருவர் உட்கார்ந்து படித்துவிட்டு அனுப்புங்கள். அந்த ஒரு இடத்தில் மட்டும் தானியங்கி வேண்டாம்.

இன்னொன்று, விவரக்குறிப்பு. மெட்டாடேட்டா என்பார்கள். டப்ளின் கோர் என்ற உலகப் பொதுமுறையில் 15 கட்டங்கள். தலைப்பு, படைத்தவர், தேதி, மொழி, உரிமை என்று போகும். அதில் ‘பொருள்’ என்று ஒரு கட்டம். நம் எழுத்து எதைப் பற்றியது என்று அங்கே எழுத வேண்டும். இதுவரை நமக்காக அதை மற்றவர்கள் நிரப்பினார்கள். பழைய பட்டியல்களில் நம் போராட்டம் ‘அரிசன நலம்’ என்ற தலைப்புக்குக் கீழே கிடக்கும். கலவரம் என்று போட்டிருப்பார்கள், நாம் தாக்குதல் என்போம். ‘இரு தரப்பு மோதல்’ என்று போட்டிருப்பார்கள், செத்தவர்கள் எல்லாம் ஒரு தரப்பாக இருப்பார்கள். இனி அந்தக் கட்டத்தை நிரப்பப்போவது நீங்கள். சேரியா, காலனியா, குடியிருப்பா. ஊர்ப் பெயரை எந்த எழுத்துக்கூட்டலில் எழுதுவது. பெண் தொழிலாளியை ‘கூலி’ என்று போடுவதா ‘விவசாயி’ என்று போடுவதா. இதற்கெல்லாம் ஒரு நாள் உட்கார்ந்து சண்டை போட்டு ஒரு பட்டியல் செய்யுங்கள். நான் நிரல் எழுதித் தருவேன், இந்தப் பட்டியலை நான் எழுதித் தர முடியாது.

உரிமை என்ற கட்டமும் முக்கியம். அம்பேத்கர் 1956இல் மறைந்தார். வாழும்போது வெளியிட்ட நூல்களின் பதிப்புரிமை 60 வருடம் கழிந்து 2017 ஜனவரி 1இலிருந்து பொதுவுடைமை. இருந்தும் மகாராஷ்டிராவில் என்ன நடந்தது? அரசு அவர் நூல்தொகுதிகளை 9 லட்சம் பிரதிகள் அச்சிடக் காகிதம் வாங்கி, 33,000 பிரதிகளோடு நிறுத்திவிட்டது என்று லோக்சத்தா பத்திரிகை எழுதி, 2021இல் மும்பை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. காகிதம் கிடங்கில் கிடந்தது. தமிழ்நாட்டில் ‘குடி அரசு’ தொகுப்பைப் பெரியார் திராவிடர் கழகம் வெளியிடக் கூடாது என்று வழக்கு வந்தபோது, 2009இல் நீதிபதி சந்துரு தடை விதிக்க மறுத்தார். இந்த இரண்டையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் எழுதியதை யார் எப்படிப் பரப்பலாம் என்று இப்போதே அந்தக் கட்டத்தில் எழுதி வைத்துவிடுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஒரு வரி வேலை. நாளைக்கு உங்களுக்குள்ளேயே இரண்டு அணி ஆனாலும், ஆகும், இயக்கம் என்றால் ஆகத்தான் செய்யும், இதழ் யாருடையது என்று கோர்ட்டுக்குப் போகாமல் இருக்கும்.

செலவு? தளத்துக்கு இப்போது கட்டுவதைத் தவிர வேறில்லை. நிரல் இருநூறு வரிக்குள் அடங்கும். கம்ப்யூட்டர் படித்த தம்பிகள் மூன்று பேர் இங்கே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டால் நின்றுபோகக் கூடாது, அதனால் ஒவ்வொரு படியையும் தமிழில் எழுதி வையுங்கள். தங்கைகளும் கற்றுக்கொள்ளுங்கள், டைப் அடிப்பதும் பிழை திருத்துவதும் மட்டும் உங்கள் வேலை என்று யாராவது ஒதுக்கினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பெரியப்பா மீதி ஆறு இதழ்களையும் இன்றைக்குப் பையில் கொண்டுவந்திருக்கிறார். கையில் கொடுக்க இன்னும் மனம் வரவில்லை, மடியில் வைத்திருக்கிறார். முதல் இதழில் எட்டுப் பக்கம். வெளிச்சம் இருக்கும்போதே போனில் படம் எடுத்துவிட்டால், டீ வருவதற்குள் எழுத்தாக மாற்றிப் பார்த்துவிடலாம். யார் போனில் கேமரா நன்றாக இருக்கிறது?